சயானில் நிற்கும் ரிக்ஷா

மும்பையில் ஆட்டோ ரிக்ஷாவுக்கு ஓர் எல்லை உண்டு. மேற்கே மாஹிம், கிழக்கே சயான். அதற்குத் தெற்கே, பழைய தீவு நகரத்துக்குள், டாக்ஸிதான். ரிக்ஷாவுக்கு அனுமதி கிடையாது. செம்பூரிலிருந்து ரிக்ஷாவில் மாட்டுங்காவுக்குக் கிளம்புகிறவர் சயானில் இறங்கி, சாலையோரம் நின்று, இன்னொரு வண்டி பிடித்தாக வேண்டும். முப்பது வயதுக்காரருக்கு இது ஐந்து நிமிட எரிச்சல். முழங்கால் தேய்ந்து, ஒரு கையில் தடியும் மறு கையில் பையுமாக நிற்கும் எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு அந்த ஐந்து நிமிடமே பயணத்தின் பெரும்பாடு. டாக்ஸிக்காரர் இரண்டு கிலோமீட்டர் சவாரிக்கு மாட்டேன் என்று தலையசைத்துப் போய்விட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கிளம்புவதையே விட்டுவிடுகிறார். முதுமையில் நடமாட்டம் பெரும்பாலும் இப்படித்தான் சுருங்குகிறது: ஒவ்வோர் இடமாக, யாருக்கும் அறிவிக்காமல்.

முதியோர் போக்குவரத்தைப் பற்றி மேலை நாடுகளில் எழுதப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் கார் சாவியைக் கொடுத்துவிடும் நாளிலிருந்து தொடங்குகின்றன. நம் சட்டத்திலும் அதற்கு ஏற்பாடு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-ல் வந்த திருத்தத்தின்படி, 55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமம் ஐந்து ஐந்து ஆண்டாகத்தான் புதுப்பிக்கப்படும்; மருத்துவச் சான்றிதழும் வேண்டும். ஆனால் தாராவியில் முதுமை அடைந்தவர்களில் மிகப் பலர் உரிமமே எடுத்ததில்லை. மாட்டுங்காவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரோ ரயில்வே ஊழியரோ தம் முப்பத்தைந்து ஆண்டுப் பணிக்காலம் முழுவதையும் லோக்கல் ரயிலில் கழித்தவர். ஆகவே இந்த நகரத்தில் காரோட்டுவதை நிறுத்துவதற்கு ஈடான நிகழ்ச்சி, லோக்கலில் ஏறுவதை நிறுத்துவது. அதற்குச் சான்றிதழ் தரும் மருத்துவர் இல்லை, தேதியைக் குறித்துவைக்கும் அலுவலகமும் இல்லை. வீட்டாருக்கே பல மாதம் கழித்துத்தான் தெரியவருகிறது. அப்பா இப்போதெல்லாம் ஸ்டேஷன் பக்கமே போவதில்லை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிக்கொள்கிறார்கள்.

எத்தனை பேருடைய பிரச்சினை இது? ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கை, 2022-ல் இந்தியாவில் 60 வயது கடந்தவர்கள் ஏறத்தாழ 14.9 கோடி என்றது. 2050-ல் ஐந்தில் ஒருவர் முதியவராக இருப்பார் என்றும் கணித்தது. செம்பூருக்கு அடுத்த தேவ்னாரில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-ல் நாடு முழுவதும் நடத்திய முதுமை ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு குளிப்பது, நடப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களில் ஏதேனும் ஒன்றிலாவது சிரமம். கடைக்குப் போவது, பணம் கையாள்வது, புதிய இடத்துக்கு வழி கண்டுபிடிப்பது போன்றவற்றில் சிரமப்படுவோர் ஏறத்தாழப் பாதி. பேருந்தும் ரயிலும் ஓடினால் போதும் என்று திட்டமிடும் நகரம் இந்தப் பாதிப் பேரைக் கணக்கில் எடுக்கவில்லை. மும்பையில் வண்டிகளுக்குப் பஞ்சம் இருந்தாலும் அது இரண்டாவது பிரச்சினைதான். முதியவரின் பயணம் அறுந்துபோவது வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே: படிக்கட்டில், சிக்னலில், மாறும் இடத்தில், வீட்டு வாசலில். இந்த இணைப்புகளைக் கவனிக்காமல் கட்டணச் சலுகையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் பயன் குறைவு என்பது என் துணிபு.

முதலில் லோக்கல். வண்டி ஒரு நிலையத்தில் நிற்பது அரை நிமிடம், பல சமயம் அதற்கும் குறைவு. நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழுந்து பலர் உறுப்புகளை இழந்த பிறகு, உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் நடைமேடைகள் 900 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தப்பட்டன. அடுத்த படி 2025 ஜூலையில் வந்தது. மூத்த குடிமக்களுக்குத் தனிப்பகுதி வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கின் விளைவாக, சரக்குப் பகுதி ஒன்றை முதியோர் பகுதியாக மாற்றி மத்திய ரயில்வே முதல் வண்டியை ஓடவிட்டது. அதைச் செய்துகொடுத்தது மாட்டுங்கா பணிமனை. 1915-லிருந்து இயங்கும் அந்தப் பணிமனையை அண்டிக் குடியேறிய தொழிலாளர் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற தலைமுறைக்கு அதே பட்டறையிலிருந்து ஓர் இருக்கை வந்திருக்கிறது.

இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனாலும் அந்த இருக்கைக்குப் போய்ச் சேரும் வழியையும் பார்க்க வேண்டும். லோக்கலில் பழகியவர்களுக்கு இது தெரியும்: நடைமேடை கடைசி நேரத்தில் மாறும், இண்டிகேட்டரில் ஒன்றும் ஒலிபெருக்கியில் வேறொன்றுமாக வரும், உடனே மொத்தக் கூட்டமும் மேம்பாலம் ஏறும். மின்தூக்கி பாலத்தின் ஒரு முனையில் இருக்கும், இறங்க வேண்டிய நடைமேடையில் இருக்காது. செம்பூரிலிருந்து கிங்ஸ் சர்க்கிளுக்கு ரயிலில் வருவதானால் வடாலா ரோட்டில் இறங்கி வண்டி மாற வேண்டும். தொலைவு சொற்பம், வண்டி மாறுவதுதான் முதியவரைக் களைத்துப்போகச் செய்கிறது.

பேருந்து இதைவிட எளிதாக இருக்க வேண்டும். 1926 ஜூலையில் முதல் பேருந்தை ஓடவிட்ட பெஸ்ட் நிறுவனம் முதியவர்களுக்குப் பல பத்தாண்டுகள் பெருந்துணையாக இருந்தது. முன்வாசலில் ஏறலாம், நடத்துநர் எழுந்து வந்து சீட்டுக் கொடுப்பார், இறங்குமிடம் வந்தால் குரல் கொடுப்பார். இப்போது நிலைமை வேறு. 2010 வாக்கில் 4,000-க்கு மேல் இருந்த பேருந்துகள் 2025-ல் 3,000-க்கும் கீழே வந்துவிட்டன. அவற்றிலும் பெரும்பாலானவை ஒப்பந்தக்காரர்களுடையவை. நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம் நீண்டது. உட்கார இடமில்லாத நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நிற்பது, எந்த வேலைக்காகப் போகிறாரோ அந்த வேலையைவிட முதியவருக்குக் கடினம். 2019-ல் 5 ரூபாயாகக் குறைக்கப்பட்ட குறைந்தபட்சக் கட்டணம் 2025 மே மாதம் 10 ரூபாயாகவும், குளிர்சாதன வண்டியில் 12 ரூபாயாகவும் ஏறியது. குடிசைப் பகுதியில் தனியாக வாழும் மூதாட்டிக்கு மாநில அரசின் ஷ்ராவண் பாள் உதவித்தொகை மாதம் 1,500 ரூபாய். வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய்வந்தால் பேருந்துக்கே மாதம் 160 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும்; ஒரு வண்டி மாற வேண்டியிருந்தால் அது இரட்டிப்பாகும்.

மகாராஷ்டிர அரசு முதியோர் பயணத்துக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 ஆகஸ்டிலிருந்து 75 வயது கடந்தவர்களுக்கு மாநில எஸ்.டி. பேருந்தில் கட்டணமே இல்லை. 65 முதல் 75 வரை பாதிக் கட்டணம். 2023 மார்ச்சிலிருந்து பெண்கள் எல்லோருக்கும் பாதிக் கட்டணம். எண்பது வயதுப் பாட்டி சாத்தாராவரை காசில்லாமல் போய் வரலாம். ஆனால் எஸ்.டி. ஊருக்கு ஊர் ஓடும் வண்டி. தாராவி டெப்போவிலிருந்து சயான் மருத்துவமனைக்கு அவர் பெஸ்ட்டில் சீட்டு வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போகும் ஊருக்குச் சலுகை இருக்கிறது, வாரந்தோறும் போகும் இடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2016 பிப்ரவரியிலிருந்து 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் தருகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகளும் வந்தன. சென்னையிலும் குறைகள் ஏராளம். ஆயினும் அன்றாட நகரப் பயணம்தான் முதியவரின் தேவை என்பதை அந்த டோக்கன் திட்டமாவது புரிந்துகொண்டிருக்கிறது. தாழ்தளப் பேருந்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: வண்டி நடைபாதையை ஒட்டி நிற்க வேண்டும். நிறுத்தத்தில் வேறு வண்டிகளை நிறுத்திவைத்து, பேருந்து நடுச்சாலையில் நிற்கும்படி ஆகிவிட்டால், தளம் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் ஏறுவது கடினம்தான்.

இனி தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்ற மூன்று பகுதிகளையும் தனித்தனியே பார்க்கலாம், ஏனென்றால் ஒரே நகரத்தில் இருந்தாலும் இவற்றின் முதுமை ஒன்றல்ல.

தாராவியில் முதல் தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கீழே பட்டறையோ இன்னொரு குடும்பமோ, மேலே ஒரு அறை. அதற்கு ஏற ஏறக்குறைய செங்குத்தான இரும்பு ஏணி. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று முதியவர்கள். ஏணியில் இறங்க முடியாமல் போன அன்றோடு அவர்களுடைய வெளியுலகம் முடிந்தது. இறங்க முடிந்தாலும் சந்துகளுக்குள் எந்த வண்டியும் வராது. 90 அடி சாலை வரை நடந்தோ, நாற்காலியில் வைத்துத் தூக்கியோ கொண்டுவர வேண்டும். அண்டை வீட்டுப் பையன்கள் அதைச் செய்கிறார்கள். தாராவியின் உண்மையான முதியோர் போக்குவரத்து அந்தப் பையன்கள்தான்; எந்தத் திட்ட ஆவணத்திலும் அவர்கள் இடம்பெறுவதில்லை.

அங்கிருந்து போக வேண்டிய முக்கிய இடம் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை, எல்லோரும் சயான் ஆஸ்பத்திரி என்று சொல்வது. தண்டவாளத்துக்கு மேற்கே தாராவி, கிழக்கே ஆஸ்பத்திரி. 1912-ல் கட்டப்பட்ட சயான் மேம்பாலம், கூடுதல் ரயில் பாதைகளுக்காக 2024 ஆகஸ்ட் 1 முதல் வாகனங்களுக்கு மூடப்பட்டது. நூறாண்டுப் பாலத்தை இடித்துக் கட்டுவது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் மூடிய நாளிலிருந்து வண்டிகள் சுற்றுவழியில் திருப்பிவிடப்பட்டு, ஆஸ்பத்திரியை ஒட்டிய சாலைகளில் நெரிசல் கூடியது. மீட்டரும் கூடவே ஏறியது. புறநோயாளிப் பிரிவோ காலையில்தான். அதாவது, நகரமே அலுவலகத்துக்கு ஓடும் அதே நேரத்தில் சர்க்கரை நோயும் மூட்டுவலியும் உள்ளவரை வரச் சொல்கிறோம். முதியோருக்கான சீட்டைப் பதினொரு மணிக்குப் பிறகு கொடுத்தால், போக்குவரத்துத் துறை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் அவர்களுடைய பயணம் எளிதாகும். இதை மருத்துவமனை நிர்வாகமே முடிவு செய்யலாம்.

2025 மே மாதம் மூன்றாம் மெட்ரோவின் தாராவி நிலையமும் திறக்கப்பட்டது. அக்டோபரில் அந்தப் பாதை கஃப் பரேடு வரை நீண்டது. மின்தூக்கி, நகரும் படி, குளிர்சாதனம் எல்லாம் இருக்கின்றன. தெற்கு மும்பைக்குப் போகிறவருக்கு இது வரப்பிரசாதம். சயான் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு அது வேறு திசை.

மாட்டுங்காவின் கதை வேறு. பழைய பம்பாயின் நகர மேம்பாட்டு அமைப்பான இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் திட்டமிட்டு அமைத்த மனைகளில் எழுந்த மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்க, மூன்றாம் மாடியில் தம்பதியர் மட்டும். கீழே இறங்கிவிட்டால் எல்லாம் நடக்கிற தூரம்: பூக்கடை, காய்கறி, பஜனை சமாஜம், ஆஸ்திக சமாஜம், ராம நாயக் உணவகம். ஆனால் இறங்குவது நாளுக்கு ஒருமுறையிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாகிறது. கடைக்காரர்கள் தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பண்டம் வந்துவிடுகிறது, பூக்கடையில் நின்று பேசும் பத்து நிமிடம் வருவதில்லை. மருத்துவமனைப் பயணத்தை மட்டும் தேவை என்றும், கோயிலையும் கச்சேரியையும் விருப்பம் என்றும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் திட்டமிடுவோரிடம் மட்டுமல்ல, பிள்ளைகளிடமும் இருக்கிறது. எனக்கு அது ஏற்புடையதல்ல. எழுபத்தைந்து வயதில் ஒருவரை எழுந்து குளித்து வேட்டி மாற்றவைப்பது பெரும்பாலும் அந்த விருப்பங்கள்தான்.

சண்முகானந்தா அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1952-ல் தொடங்கிய சபா, 1963-ல் திறந்த அரங்கம். 1990-ல் தீக்கிரையாகி 1998-ல் மீண்டு எழுந்தது. கர்நாடக இசைக்கு அங்கே வரும் ரசிகர்களில் நரைத்த தலைகளே மிகுதி. அரங்கம் இருப்பது கிங்ஸ் சர்க்கிளில், ரிக்ஷா வரக்கூடாத எல்லைக்குள்ளே. இரவு ஒன்பதரைக்குக் கச்சேரி முடிந்தால் செம்பூர்க்காரர் டாக்ஸி தேட வேண்டும். செயலியில் பதிவு செய்தால் ஓட்டுநர் இந்தியில் அழைத்து எந்த வாசல் என்று கேட்பார், ஓ.டி.பி. கேட்பார், சத்தத்தில் காது கேட்காது. மகள் தொலைவிலிருந்து வண்டி பதிவு செய்து, ஓட்டுநரிடமும் அம்மாவிடமும் மாறி மாறிப் பேசி ஏற்றிவிடுவது இன்று பல தமிழ் வீடுகளில் நடக்கிறது. திறமையான ஏற்பாடு, ஆனால் அந்த மகள் விழித்திருக்கும் நேரத்தில்தான் அம்மா வெளியே போக முடியும். பல முதியவர்கள் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போதே எழுந்துவிடுவதற்கு இசை காரணம் இல்லை.

அரங்கத்துக்கு அருகே அம்பேத்கர் சாலை. நடப்போருக்கான சிக்னலை நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்ற கணக்கில் அமைப்பது பரவலான வழக்கம். தளர்ந்த முதியவரின் நடை நொடிக்கு 0.8 மீட்டர் அல்லது அதற்கும் கீழே. இருபது மீட்டர் அகலச் சாலையைக் கடக்கச் சிக்னல் கணக்கில் 17 நொடி, முதியவருக்கு 25. அந்த எட்டு நொடி அவர் வண்டிகளுக்கு நடுவில் நிற்கிறார். சிங்கப்பூர் 2009-லிருந்து இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது: முதியவர் தம் அட்டையைக் கம்பத்தில் தொட்டால் பச்சை விளக்கு மேலும் சில நொடிகள் நீளும்.

செம்பூரில் வண்டிக்குக் குறைவில்லை. ரிக்ஷா வாசலுக்கே வரும், ஏறுவதும் எளிது. வசதியுள்ள வீடுகளில் கார் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லாதபோது மணிக்கணக்கில் ஓட்டுநரை அமர்த்திக்கொள்கிறார்கள். 2025 பிப்ரவரிக் கட்டணப்படி ரிக்ஷாவுக்கு முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் 26 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 17 ரூபாய்க்குச் சற்று மேல். டாக்ஸிக்கு 31 ரூபாயில் தொடக்கம். ஐந்து கிலோமீட்டர் ரிக்ஷாவில் வந்து சயானில் இறங்கினால் சுமார் 86 ரூபாய். அங்கே டாக்ஸி மாறினால் குறைந்தபட்சக் கட்டணம் புதிதாகத் தொடங்கும். எல்லையைக் கடப்பதற்கு முதியவர் ஒரு முறை காசாகவும் ஒரு முறை உடம்பாலும் விலை கொடுக்கிறார்.

இதற்கு மாற்றாக வந்திருக்க வேண்டியது மோனோரயில். 2014 பிப்ரவரியில் செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே தொடங்கி, 2019-ல் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டது. உட்கார இடம் கிடைத்தது, வழக்கமாகக் கூட்டம் இல்லை, மின்தூக்கி இருந்தது. முதியவருக்கு ஏற்ற வண்டிதான். ஆனால் வடாலாவின் காலி நிலங்கள் வழியே போன அந்தப் பாதையில் மாட்டுங்காவும் இல்லை, சயானும் இல்லை. 2025 ஆகஸ்ட் 19 மழையில் மைசூர் காலனி அருகே வண்டி அந்தரத்தில் நின்று, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து இறக்கினார்கள். செப்டம்பரில் சேவை நிறுத்தப்பட்டது. ஏற்ற வண்டி இருந்தும் முதியவருக்குப் பயன்படாமல் போனது, மக்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்காமல் பாதை போட்டதன் விலை.

டோக்கியோவை ஒட்டிய முசாஷினோ நகரம் கேட்டுவிட்டுத்தான் போட்டது. பேருந்து நிறுத்தம் தொலைவாக இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்ற முதியோரின் குறையிலிருந்து 1995 நவம்பரில் மூ-பஸ் பிறந்தது: குறுகிய தெருக்களுக்குள் நுழையும் சிறு பேருந்து, இருநூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம், கட்டணம் 100 யென். ஜப்பானின் மற்ற நகரங்கள் அதைப் பின்பற்றின. 2019-ல் டோக்கியோவின் இகெபுகுரோவில் ஒரு முதியவர் ஓட்டிய கார் மோதித் தாயும் குழந்தையும் இறந்தார்கள்; அந்த ஓராண்டில் மட்டும் சுமார் ஆறு லட்சம் பேர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் அப்படிக் கொடுக்க முடிந்ததற்கு உள்ளூர்ப் பேருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம். அதே 1995-ல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கேத்தரின் ஃப்ராய்ண்ட் தொடங்கிய சேவையில், முதியவர் தம் காரைக் கொடுத்து அதன் மதிப்புக்குச் சவாரிகளை வரவு வைத்துக்கொள்ளலாம்; தொண்டர்கள் வண்டி ஓட்டி, தம் பெற்றோருக்காகச் சவாரிகளைச் சேமிக்கலாம்.

மும்பைத் தமிழர்களுக்கு இந்த இரண்டும் எட்டாத காரியங்கள் இல்லை. சயானில் பம்பாய்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சமாஜங்களும் சபாக்களும் இருக்கின்றன. செம்பூரின் செடா நகர் முருகன் கோயிலில் கிருத்திகைக்குக் கூடும் கூட்டத்தில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். கச்சேரிச் சீட்டோடு திரும்பும் வண்டியையும் சேர்த்துப் பதிவு செய்யும் ஏற்பாட்டை ஒரு சபா ஒரு பருவத்துக்குச் செய்து பார்க்கலாம். பெஸ்ட் செய்ய வேண்டியது தாராவி 90 அடி சாலை, சயான் ஆஸ்பத்திரி, கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா மார்க்கெட் என்று சுற்றிவரும் ஒரு சிறு பேருந்து. ஒன்பதிலிருந்து ஐந்துவரை ஓடினாலே போதும். சிறிய குளிர்சாதன வண்டிகள் 2019-லிருந்தே நகரத்தில் ஓடின. ஒப்பந்தங்கள் முறிந்து அவை குறைந்ததற்கும் முதியோரின் தேவைக்கும் தொடர்பில்லை. போக்குவரத்து ஆணையம் செய்ய வேண்டியது அதைவிட எளிது: 60 வயது கடந்த பயணி ஏறியிருந்தால் ரிக்ஷா சயானைத் தாண்டி மாட்டுங்கா வரை வந்து இறக்கிவிட அனுமதி. தீவு நகரத்தில் ரிக்ஷா கூடாது என்பதற்குச் சாலை நெரிசலும் டாக்ஸிக்காரர்களின் பிழைப்பும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இரண்டும் நியாயமானவை. இரண்டு கிலோமீட்டர் சவாரியை விரும்பாத டாக்ஸிக்கு இந்த விலக்கால் பெரிய நஷ்டம் வராது.

எல்லாவற்றையும்விட அவசரமாகக் கவனிக்க வேண்டியது, குடிசைகளுக்குப் பதில் அடுக்ககங்கள் கட்டும் தாராவி மறுசீரமைப்புத் திட்டம். தகுதி பெற்றவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. தகுதி பெறாதவர்கள் நகரின் வேறு பகுதிகளுக்கு. அப்படி ஒதுக்கப்பட்ட நிலங்களில் தேவ்னார் குப்பைக் கிடங்கின் 124 ஏக்கரும் ஒன்று. மாடி அறைகளில் குடியிருப்போர் பலர் இந்த இரண்டாம் பட்டியலில் வருகிறார்கள். ஏணியில் இறங்க முடியாத முதியவர்களும் அந்த மாடி அறைகளில்தான் இருக்கிறார்கள். புதிய அடுக்ககத்தில் மின்தூக்கி கிடைக்கும், ஆனால் தூக்கிக்கொண்டு போன பையன்கள் வேறு கட்டடத்துக்கோ வேறு பகுதிக்கோ போயிருப்பார்கள், சயான் ஆஸ்பத்திரி பல கிலோமீட்டர் தள்ளிப்போயிருக்கும். மின்தூக்கி பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்யப்படும், கட்டட வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் எத்தனை மீட்டர், ஆஸ்பத்திரிக்கு நேர்வண்டி உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் சாவி கொடுக்கும் முன்பே எழுத்தில் பதில் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் 60 வயது கடந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் மாதந்தோறும் எங்கே போகிறார்கள் என்று கேட்க, குடியிருப்போரைப் பட்டியலிடும் கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.